மரச்செக்கை முன்வைத்து ஒரு திட்ட அறிக்கை: புதிய தொழிலுக்குத் திட்டம் எழுதும் முறை

புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் ஒருவர் வங்கிக்குப் போனாலும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனாலும் அவரிடம் முதலில் கேட்கப்படுவது ‘ப்ராஜெக்ட் ரிப்போர்ட்’ எனப்படும் திட்ட அறிக்கைதான். அது படித்தவர்கள் எழுதவேண்டிய ஏதோ ஒன்று என்று எண்ணிக்கொண்டு, கேட்ட தொகையைக் கொடுத்து யாரிடமாவது எழுதி வாங்கிவந்து சேர்ப்பவர்களே அதிகம். அப்படி வாங்கிய அறிக்கைகள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பெயரும் ஊரும் மாறியிருக்கும். எண்கள் அப்படியே இருக்கும். ஒருவருடைய வாடகையும் இன்னொருவருடைய கூலியும் வேறொரு ஊரின் விற்பனையும் சேர்ந்த அந்தத் தாள்களை வைத்துக் கடன்கூடக் கிடைத்துவிடலாம். ஆனால் அதை எழுதும்போது நமக்குத் தெரியவந்திருக்கவேண்டிய செய்திகள் தெரியாமலேயே கடனை வாங்கித் தொழிலில் இறங்கியிருப்போம்.

என்ன விற்கப்போகிறோம், யார் வாங்குவார்கள், அதற்கு என்ன செலவாகும், பணம் எங்கிருந்து வரும், போட்ட பணம் எத்தனை நாளில் எப்படித் திரும்பும் என்பவற்றை எழுத்திலும் எண்ணிலும் வைத்து, ஒவ்வொன்றையும் பிறர் சரிபார்க்கக்கூடியபடி எழுதுவதே தொழில் திட்டம். அதில் இருப்பவை எல்லாம் நம்முடைய அனுமானங்கள்தாம். அனுமானம் இருப்பதில் தவறில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் விடுவதுதான் தவறு.

பொதுவாகப் பேசினால் இது விளங்காது என்பதால் ஒரே தொழிலை எடுத்துக்கொள்கிறேன். திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு மரச்செக்கு வைத்து நிலக்கடலை எண்ணெய் ஆட்டி விற்பது. எங்கள் பக்கத்தில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்லப்படும் இந்தப் பயிர் இங்கே நன்கு விளையும். எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது, டி.எம்.வி. என்னும் நிலக்கடலை ரகங்களின் பெயரே திண்டிவனத்தைக் குறிப்பதுதான். மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தொழில் நடந்துவிடும் என்று தோன்றும். தோன்றுவதை எண்ணிப் பார்ப்பதற்குத்தான் திட்டம். கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. நீங்கள் எழுதும் நாளின் விலைகளை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளவேண்டும்.

முதலில் வாங்குபவர்

பெரும்பாலான அறிக்கைகளில் சந்தை என்ற தலைப்பின் கீழ், ‘மக்களிடையே ஆரோக்கிய உணவு குறித்த விழிப்புணர்வு பெருகிவருவதால் இப்பொருளுக்கு நல்ல வரவேற்பு உள்ளது’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். இந்த வாக்கியத்தை வைத்து ஒரு லிட்டர்கூட விற்க முடியாது. உங்கள் ஊரில், உங்கள் கடைக்கு வந்துபோகக்கூடிய தூரத்தில், பாக்கெட் எண்ணெயைவிடக் கூடுதல் விலை கொடுத்துச் செக்கு எண்ணெய் வாங்கும் குடும்பங்கள் எத்தனை என்பதே கேள்வி. ஒரு குடும்பம் மாதத்துக்கு இரண்டு லிட்டர் வாங்கும் என்று கொண்டால், 500 லிட்டர் விற்க 250 குடும்பங்கள் வேண்டும். இப்படிக் குடும்பமாக மாற்றி எழுதியவுடன் அந்த எண்ணின் பாரம் தெரிந்துவிடும்.

நான் இதை அறிந்துகொண்ட விதம் மிகவும் எளியது. பக்கத்து ஊரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு செக்குக் கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில், மாதத்தின் முதல் சனிக்கிழமையும் கடைசிச் சனிக்கிழமையும் மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை உட்கார்ந்து, வந்தவர்களை ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். முதல் சனிக்கிழமை 31 பேர், கடைசிச் சனிக்கிழமை 12 பேர். சம்பளம் வந்த வாரத்துக்கும் தீர்ந்த வாரத்துக்கும் உள்ள இடைவெளி அது. மாத விற்பனையை நான்கால் வகுத்து வாரக் கணக்குப் போடக்கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. வந்தவர்களில் சிலர் எண்ணெய் வாங்க வரவில்லை. வண்டியின் பின்னால் சாக்கில் தங்கள் சொந்தப் பருப்பைக் கட்டிக்கொண்டு, கூலி கொடுத்து ஆட்டிப்போக வந்தார்கள். என் முதல் வரைவில் இந்த வருமானத்துக்கு ஒரு வரிகூட இல்லை. பின்னால் என் திட்டத்தைத் தாங்கி நிறுத்தியதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு.

போட்டியாளர் பற்றியும் இதே இடத்தில் எழுதவேண்டும். அவர் என்ன விலைக்கு விற்கிறார், கடனுக்குக் கொடுக்கிறாரா, வாரத்தில் எந்த நாள் கடை மூடியிருக்கிறது, எந்த எண்ணெய் அவரிடம் அடிக்கடி தீர்ந்துபோகிறது என்ற நான்கு விவரங்களே போதும்.

ஒரு லிட்டரின் கணக்கு

எந்தத் தொழிலுக்கும் ஓர் அடிப்படை அலகு உண்டு. தையல் கடைக்கு ஒரு ரவிக்கை, உணவகத்துக்கு ஒரு சாப்பாடு, நமக்கு ஒரு லிட்டர் எண்ணெய். அந்த ஓர் அலகில் என்ன மிஞ்சுகிறது என்பது தெரியாமல் ஐந்தாண்டு லாப நட்டக் கணக்கு எழுதுவது வீண் வேலை.

செக்கை விற்பவர் எனக்குச் சொன்னது, இரண்டேகால் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் கிடைக்கும் என்பது. அதை அப்படியே எழுதிவைத்திருந்தேன். பிறகு, நான் வாங்கவிருந்த சந்தையிலேயே 16 கிலோ பருப்பு வாங்கி, கூலிக்கு ஆட்டும் இடத்தில் கொடுத்து, பக்கத்திலேயே நின்று ஆட்டி எடுத்துவந்து, இரண்டு நாள் வெயிலில் வைத்துக் கசடு அடியில் தங்கித் தெளிந்தபின் அளந்து பார்த்தேன். எண்ணெய் 6.4 லிட்டர், புண்ணாக்கு 9.2 கிலோ. அதாவது ஒரு லிட்டருக்கு இரண்டரை கிலோ. கால் கிலோ வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். கிலோ 120 ரூபாய் என்றால் அது லிட்டருக்கு 30 ரூபாய். சில நூறு ரூபாய்ச் செலவில் கிடைத்த இந்த ஓர் எண் இல்லாமல் அறிக்கையின் மற்ற பக்கங்களுக்கு அர்த்தமே இல்லை. உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும், இயந்திரம் விற்பவர் சொல்லும் உற்பத்தி அளவை நீங்களே ஒருமுறை அளந்து பார்க்காமல் எழுதவேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

இனி கணக்கு. பருப்பு இரண்டரை கிலோ, 300 ரூபாய். அதிலிருந்து வரும் புண்ணாக்கு ஏறத்தாழ 1.44 கிலோ, கிலோ 45 ரூபாய்க்கு மாடு வளர்ப்பவர்கள் வாங்கினால் 65 ரூபாய் திரும்பி வரும். ஆக நிகரச் செலவு 235. பாட்டில், மூடி, லேபிள் எல்லாம் சேர்த்து 15, மின்சாரம் 4. மொத்தம் 254 ரூபாய். விற்கும் விலை 320 என்றால் ஒரு லிட்டரில் கையில் நிற்பது 66 ரூபாய். இந்த 66 ரூபாயை லாபம் என்று எண்ணிவிடக்கூடாது. வாடகை, சம்பளம், வட்டி எல்லாம் இனிமேல்தான் இதிலிருந்து போகவேண்டும். மளிகைக் கடைகள் வழியாக விற்றால் அவர்களுக்கான கழிவும் இதிலிருந்தே போகும் என்பதால், நேரடி விற்பனையையும் கடை வழி விற்பனையையும் தனித்தனியே எழுதுவது நல்லது.

எத்தனை லிட்டரில் தொழில் தன் காலில் நிற்கும்

விற்றாலும் விற்காவிட்டாலும் மாதந்தோறும் போகும் செலவை நிலையான செலவு என்கிறோம். வாடகை 9,000, ஓர் ஆள் சம்பளம் 15,000, பழுது, தொலைபேசி, கணக்கு எழுதும் செலவு என 4,000, கடனுக்கு வட்டி 5,000 என்று வைத்தால் மொத்தம் 33,000. இதை 66-ஆல் வகுத்தால் 500. மாதம் 500 லிட்டர் விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இதுவே லாப நட்டச் சமநிலை.

ஒரு நாளைக்கு ஐந்து முறை, முறைக்கு 16 கிலோ என ஆட்டினால் 80 கிலோ. 25 நாளில் 2,000 கிலோ. எண்ணெய் 800 லிட்டர். ஒரு செக்கின் திறன் 800 என்னும்போது 500-இல் சமநிலை என்பது பாதுகாப்பானதாகவே தெரிகிறது. வாங்கிவந்த அறிக்கைகள் இந்த இடத்தில் நின்றுவிடும். நாம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கவேண்டும்.

முதலாவது, கடனின் அசல். அசல் திருப்பிச் செலுத்துவது லாப நட்டக் கணக்கில் செலவாக வராது. ஆனால் பணம் கையைவிட்டுப் போகிறது. மாதம் 7,000 ரூபாய் அசல் என்றால் தேவை 40,000. அதாவது 606 லிட்டர். இரண்டாவது, தொழில் நடத்துபவரின் குடும்பம். காலை முதல் இரவு வரை கடையில் நிற்பவர் வீட்டுச் செலவுக்கு மாதம் 15,000 எடுத்தால் தேவை 55,000 ஆகிறது. அதற்கு 833 லிட்டர் வேண்டும். செக்கின் திறனோ 800. ஒரே செக்கை வைத்து, இந்த விலைகளில், எண்ணெய் மட்டும் விற்று ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பதை, ஒரு ரூபாயும் போடுவதற்கு முன்பே தாள் சொல்லிவிடுகிறது. எழுதாமல் தொடங்கியிருந்தால் இதே செய்தி ஓராண்டு உழைப்புக்குப் பின்னால், தவணை தவறிய நோட்டீஸாக வந்து சேர்ந்திருக்கும்.

பருப்பு விலையையும் அசைத்துப் பாருங்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறி, எண்ணெய் விலையை உடனே ஏற்ற முடியாமல் போனால், 66 ரூபாய் 41 ஆகிவிடும். வாடகை முதல் வட்டி வரை கட்டுவதற்கே 805 லிட்டர் விற்கவேண்டியிருக்கும். அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையில் விலை இப்படி ஏறுவது இந்தத் தொழிலில் இயல்பு. எனவே எந்த மாதங்களில் வாங்குவோம், எவ்வளவு இருப்பு வைப்போம், ஈரப்பதத்தால் பூஞ்சணம் பிடிக்காமல் எங்கே வைப்போம் என்பதும் திட்டத்தில் வரவேண்டும்.

இந்த விடையைப் பார்த்துத் தொழிலையே கைவிடவேண்டியதில்லை, திட்டத்தை மாற்றலாம். ஓர் ஆளே இரண்டு செக்குகளைப் பார்த்துக்கொள்ள முடியும்; வாடகையும் உயராது. இரண்டு செக்கு வைத்து மாதம் 900 லிட்டர் விற்று, கிலோ 15 ரூபாய்க் கூலிக்கு 750 கிலோ ஆட்டிக்கொடுத்தால், கைக்கு வருவது எண்ணெயில் 59,400, கூலியில் மின்சாரம் போக ஏறத்தாழ 10,000. உதவிக்கு ஒரு பகுதிநேர ஆளையும் 7,000 வட்டியையும் சேர்த்து நிலையான செலவு 44,000 என்றால் மீதி 25,400. கடன் பெரிதாவதால் உயரும் அசல் 11,750 போக 13,000 சொச்சம் வீட்டுக்கு வரும். கூலி ஆட்டத்துக்குப் பருப்பு வாங்கும் பணமும் வேண்டாம். ஆனால் 900 லிட்டருக்கு 450 குடும்பங்கள் வேண்டும். ஆகவே மறுபடியும் டீக்கடைப் பலகைக்கும் கோடு போட்ட நோட்டுக்கும் திரும்பவேண்டும். நல்ல திட்டம் எப்போதும் இப்படி முன்னும் பின்னுமாகத்தான் எழுதப்படுகிறது.

நடைமுறை மூலதனம்

புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். செக்கு, மோட்டார், எண்ணெய் தெளிய வைக்கும் பாத்திரங்கள், தராசு, மின் இணைப்பு, கடை அமைப்பு ஆகியவற்றுக்கான பணத்தைக் கொட்டேஷன் வாங்கிச் சரியாக எழுதிவிடுவார்கள். இது நிலையான மூலதனம். செக்கு ஓடத் தொடங்கியபின் பருப்பு வாங்கப் பணம் இருக்காது.

ஒரு ரூபாய் பருப்பாக மாறி, எண்ணெயாகி, விற்பனையாகி, மீண்டும் ரூபாயாகக் கைக்கு வர எத்தனை நாளாகிறது என்று எண்ணுங்கள். பருப்பு இருப்பு 15 நாள், ஆட்டித் தெளிய வைத்து அடைக்க 5 நாள், கடைகளுக்குக் கொடுத்த கடன் திரும்ப 20 நாள். ஆக 40 நாள். ஒரே செக்கில் 500 லிட்டர் விற்கும் மாதத்தில் பருப்பு, பாட்டில், மின்சாரம், வாடகை, சம்பளம் எல்லாம் சேர்த்து 1,87,500 ரூபாய் வெளியே போகிறது என்றால், 40 நாளுக்கு 2,50,000 ரூபாய் எப்போதும் சுழற்சியில் கிடக்கவேண்டும். கல்லாவில் ரொக்கத்துக்கு விற்பது கூடக்கூட இந்தத் தொகை குறையும்.

வங்கிகள் இதை வேறொரு வழியிலும் பார்க்கும். 1990-களின் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரைப்படி, ஆண்டு விற்பனை மதிப்பில் நான்கில் ஒரு பங்கு நடைமுறை மூலதனத் தேவை என்று கொண்டு, விற்பனை மதிப்பில் 20 சதவீதத்தை வங்கியும் 5 சதவீதத்தை நாமும் போடவேண்டும் என்பது சிறுதொழில் கடனுக்கான வழக்கம். அது மூன்று மாதச் சுழற்சியை மனத்தில் வைத்த கணக்கு. உங்கள் சுழற்சி 40 நாள் என்றால், அவ்வளவும் தருவதாகச் சொன்னாலும் தேவைக்கு மேல் வாங்கவேண்டாம்.

பணம் எங்கிருந்து

நிலையான மூலதனம் நான்கு லட்சம், நடைமுறை மூலதனம் இரண்டரை லட்சம் என்றால் திட்ட மதிப்பு ஆறரை லட்சம். இதைப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் கீழ் எழுதிப் பார்க்கலாம். 2008-இல் தொடங்கிய இத்திட்டத்தில், 2022-இல் உற்பத்தித் தொழிலுக்கான உச்ச திட்ட மதிப்பு 25 லட்சத்திலிருந்து 50 லட்சமாகவும் சேவைத் தொழிலுக்கு 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாகவும் உயர்த்தப்பட்டன. பொதுப் பிரிவினர் 10 சதவீதம் சொந்தப் பணம் போடவேண்டும். மானியம் நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்குச் சொந்தப் பணம் 5 சதவீதம். மானியம் 25, 35 சதவீதம். கிராமத்தில் தொடங்கும் பொதுப் பிரிவினர் ஒருவருக்கு ஆறரை லட்சத்தில் சொந்தப் பணம் 65,000, மானியம் 1,62,500, திருப்பிச் செலுத்தவேண்டிய கடன் 4,22,500. ஐந்தாண்டில் அடைத்தால் மாத அசல் 7,000 சொச்சம். மேலே நான் வைத்த எண் இதுதான். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. திட்டங்களின் விதிகள் மாறுபவை என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மானியம் கிடைக்கும் என்பதால் மட்டுமே லாபம் காட்டும் திட்டத்தை எழுதிவிடக்கூடாது. அந்தப் பணம் கைக்கு வருவதில்லை. மூன்றாண்டுகள் உங்கள் பெயரில் வங்கியில் முடக்கி வைக்கப்பட்டு, தொழில் நடப்பதை நேரில் வந்து பார்த்து உறுதி செய்தபின்னரே கடனில் கழிக்கப்படும்.

கடன் தருபவர் ஓர் எண்ணைத் தேடுவார். வட்டி கட்டும் முன் தொழிலில் மிஞ்சும் பணம், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையைப்போல் எத்தனை மடங்கு என்பது அது. ஒன்றரை மடங்காவது இருக்கிறதா என்று பொதுவாகப் பார்ப்பார்கள். ஒரே செக்கில் 500 லிட்டர் விற்றால் அது 0.4 மட்டுமே; இரண்டு செக்குத் திட்டத்தில் 1.7 வருகிறது.

அறிக்கையை அடுக்குவது

உரிமங்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம், 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள கட்டணமில்லா உத்யம் பதிவு, உள்ளாட்சியின் தொழில் உரிமம், மும்முனை மின் இணைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் யாரிடம் போகவேண்டும், என்ன கட்டணம், எத்தனை நாள் என்று ஒரு சிறு அட்டவணை போதும். மின் இணைப்பு தாமதமானால் செக்கு வந்து நின்றும் ஓடாது. வட்டி மட்டும் ஓடும். அதனால் முதல் தவணைக்கு முன் சில மாத விடுப்புக் காலம் கேட்டு அதையும் எழுதுங்கள்.

முதல் பக்கத்தில் வரும் சுருக்கத்தைக் கடைசியில் எழுதவேண்டும். அதன்பின் நீங்கள் யார், இந்தத் தொழிலில் உங்களுக்கு என்ன பழக்கம், பொருள், சந்தை, உற்பத்தி முறை, ஆட்கள், மூலதனம், மாதவாரியான பணவரவு செலவு, மூன்று அல்லது ஐந்தாண்டுக் கணிப்பு என்ற வரிசை போதுமானது. முதலாண்டில் செக்கின் திறனில் பாதியைத் தாண்டி விற்பனை எழுதவேண்டுமானால், யார் வாங்கப்போகிறார்கள் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள். கொட்டேஷன்கள், வாடகை ஒப்பந்தம், நீங்கள் எண்ணிய நோட்டின் நகல், ஆட்டிப் பார்த்த அளவு ஆகியவற்றைப் பின்னால் இணையுங்கள். பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டியதில்லை. ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் அதைக் கேட்டறிந்த தேதியையும் இடத்தையும் குறித்துவையுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ‘பருப்பு விலை 120 என்று எப்படிப் போட்டீர்கள்?’ என்று கேட்கும்போது, எந்தச் சந்தையில் எந்தக் கிழமை கேட்டது என்று உடனே சொல்ல முடியும்.

கடன் வந்தபின் அறிக்கையைக் கோப்பில் கட்டி வைத்துவிடாமல், கணக்கு நோட்டின் பக்கத்திலேயே வையுங்கள். மாதக் கடைசியில் திட்டத்தில் எழுதிய லிட்டருக்கு எதிரே உண்மையில் விற்ற லிட்டரையும், எழுதிய பருப்பு விலைக்கு எதிரே வாங்கிய விலையையும், 40 நாள் என்ற இடத்துக்கு எதிரே கடைக்காரர்கள் உண்மையில் எத்தனை நாளில் பணம் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்று மாதம் சேர்ந்ததும் அந்த உண்மையான எண்களைப் போட்டு லிட்டர் கணக்கையும் சமநிலைக் கணக்கையும் திரும்பப் போடுங்கள். மானியம் கணக்கில் கழியும் மூன்றாண்டு வரையாவது இந்த வழக்கத்தை விடவேண்டாம்.